கொக்கு வந்தால் சுடுவதா?



செபராங் பிறையில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வசிக்கும் தாயார் ஒருவர் நமக்கு ஒரு வழக்கை அனுப்பி வைத்திருக்கிறார். லயத்து வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் அவர் மூன்று வரிசை மக்காச்சோளம் ஊன்றினார். ஐந்தாம் நாள் முளை எட்டிப் பார்த்தது. ஏழாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், பாதி முளைகள் பிடுங்கப்பட்டு மண்ணில் வாடிக் கிடந்தன. அடியில் இருந்த விதையைக் காணோம். நிலத்தின் ஓரத்திலோ நான்கு வெள்ளைக் கொக்குகள் சாவதானமாக நின்றுகொண்டிருந்தன.

அன்று முழுவதும் வீட்டில் இதே பேச்சு. "சிநேகிதர் ஒருவரிடம் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. இரண்டைச் சுட்டால் மற்றவை இந்தப் பக்கமே வராது" என்றார் கணவர். "துப்பாக்கி எதற்கு மாமா? ஒரு கை சோளத்தைப் பூச்சி மருந்தில் ஊறவைத்து இறைத்துவிட்டால் போதும்" என்றார் மைத்துனர். "வாயில்லாச் சீவனைக் கொல்வது பாவமப்பா. அது தின்றது போக மிஞ்சுவது நமக்கு" என்றார் பாட்டி. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கடைசி மகள், "யார் சொல்வதம்மா சரி?" என்று கேட்டாள். அந்தத் தாயாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால் நமக்கு எழுதியிருக்கிறார்.

மூன்று வரிசைச் சோளத்துக்கு இவ்வளவு பெரிய வழக்கா என்று நினைக்க வேண்டாம். சம்பளத்தில் மாதத்தை ஓட்டும் குடும்பத்துக்குப் பின்கட்டுத் தோட்டம் எவ்வளவு பெரிய துணை என்பது உங்களுக்குத் தெரியும். அதோடு, இதே வழக்கு அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அங்கேயும் கொக்கு, அங்கேயும் சோள முளை. சுடலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று மறு கட்சி, நடுவில் நஷ்டப்பட்ட விவசாயி. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் நம் வீட்டு வழக்குக்கும் வழி பிறக்கும்.

எந்தப் பறவை சேதம் செய்தாலும் கோபத்தோடு கையை ஓங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தப் பறவை? அது எப்போது, எதைத் தின்கிறது? அதைக் கொன்றால் சேதம் குறையுமா? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி, எந்தப் பறவை என்பது. நாம் நீண்ட காலும் நீண்ட கழுத்தும் உள்ள பறவையை எல்லாம் கொக்கு என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு குடும்பங்கள். நம் வயல்களிலும் மாட்டு மந்தைகளுக்குப் பின்னாலும் நடக்கும் வெள்ளைக் கொக்கு ஒன்று. அதைவிடப் பெரிதாக, தடித்த அலகோடு இருக்கும் நாரை இன்னொன்று. மூன்றாவது, வட இந்தியாவில் சாரசக் கொக்கு என்று சொல்கிறார்களே, அந்தப் பெருங்கொக்குக் குடும்பம். உலகில் பெருங்கொக்குகள் 15 வகை உண்டு. சாரசம் நின்றால் ஒரு மனிதன் உயரம் இருக்கும். பறக்கும் பறவைகளிலேயே மிகவும் உயரமானது அதுதான். அந்தக் குடும்பத்துப் பறவைகள் நம் பினாங்கில் வாழ்வதில்லை.

இந்த வேறுபாடு எதற்கு என்கிறீர்களா? சாப்பாட்டில்தான் விஷயமே இருக்கிறது. பெருங்கொக்குகள் தானியமும் தின்னும், கிழங்கும் தோண்டும், பூச்சியும் பிடிக்கும். நம் வெள்ளைக் கொக்கு தானியம் தின்பதில்லை. வெட்டுக்கிளி, புழு, தவளை, சிறுமீன் ஆகியவைதாம் அதன் ஆகாரம். டிராக்டர் உழும்போது அதன் பின்னாலேயே கொக்குகள் கூட்டமாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். புரளும் மண்ணிலிருந்து வெளிவரும் பூச்சிகளுக்காகவே அவை அப்படி நடக்கின்றன. ஆகவே அந்தத் தாயாரின் நிலத்தோரம் நின்ற நான்கு கொக்குகளும் சோளம் தின்ன வந்தவை அல்ல. விதையைப் பொறுக்கியது, விடியற்காலையில் வந்துவிட்டுப் போன புறாவாக இருக்கலாம், மைனாவாக இருக்கலாம். இரவில் வந்த எலியாகவும் இருக்கலாம். ஓரத்தில் நின்ற பாவத்துக்குக் கொக்கின் மேல் பழி விழுந்தது.

இன்னொரு சாட்சியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தை என்ற பெரிய நத்தை 1991-இல் மலேசியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நெல் தண்டுகளிலும் வாய்க்கால் சுவர்களிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டையிடுமே, அதே நத்தைதான். நடவு முடிந்த சில வாரங்களில் இளம் நாற்றைக் கடித்துத் தின்று வயலை வெறுமையாக்கிவிடும். 2010-ஆம் ஆண்டையொட்டி, பெர்லிஸ், கெடா, செபராங் பிறை வயல்களில் தாய்லாந்துப் பக்கத்திலிருந்து ஒரு புதிய நாரை கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. அதன் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், அலகு முழுவதும் மூடாது. தமிழ்நாட்டில் இதற்கு நத்தைகுத்தி நாரை என்று பெயர். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. முன்பின் பார்த்திராத பெரிய பறவை நூற்றுக்கணக்கில் வயலில் இறங்கினால் யாருக்கும் முதலில் பயம்தான் வரும். ஆனால் அது வந்தது நெல்லைத் தேடி அல்ல, நெல்லைத் தின்னும் நத்தையைத் தேடி. ஆள் தெரியாமல் சுட்டிருந்தால், சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் கூலியாளைச் சுட்டதாகியிருக்கும்.

சரி, உண்மையாகவே பயிரைத் தின்கிற பறவை என்றால் என்ன செய்வது? இங்கேதான் அமெரிக்காவின் கதை வருகிறது. இது நம் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் பதில் சொல்லும்.

அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். பால் பண்ணைக்கும் சோளத்துக்கும் பேர்போனது. அங்கே வாழ்கிறது சாண்ட்ஹில் கொக்கு என்னும் பெருங்கொக்கு. சாம்பல் நிற உடல், நெற்றியில் சிவப்புப் பொட்டு, நான்கடி உயரம். பழைய நாளில் இதை இறைச்சிக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அது கூடு கட்டும் சதுப்பு நிலங்களையும் வடித்து வயலாக்கினார்கள். விளைவு என்ன? 1930களில் விஸ்கான்சின் மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 25 இணைகள்தாம் எஞ்சியிருந்தன. 1918-இல் வந்த சட்டம் இந்தப் பறவையைச் சுடக்கூடாது என்று காப்பாற்றியிராவிட்டால் அந்த 25-உம் மிஞ்சியிருக்காது.

இந்தக் கொக்கு பெருகுவதும் மெதுவாகத்தான். ஆண்டுக்கு இரண்டே முட்டை இடும். பெரும்பாலும் அதில் ஒரு குஞ்சு பிழைத்தால் பெரிது. அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் குடும்பம் நடத்த மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், இன்னும் கூடுதலாகவும் ஆகும். வீட்டுக் கோழியைப் போல இன்று பத்து போனால் நாளை பத்து என்ற கணக்கு இதற்கு ஒத்துவராது. அப்படியிருந்தும் சட்டத்தின் பாதுகாப்பாலும் சதுப்பு நிலங்களைக் காத்ததாலும், அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் இன்று ஏறக்குறைய ஒரு லட்சம் சாண்ட்ஹில் கொக்குகள் இருக்கின்றன. அழிந்துகொண்டிருந்த ஒரு பறவை திரும்பி வந்தது. அதைக் கொண்டாடும்போதே தொல்லையும் கூடவே வந்து சேர்ந்தது.

சோளம் விதைத்து முளை விட்டதும் கொக்குகள் வயலில் இறங்கும். வரிசை பிடித்தாற்போல ஒவ்வொரு முளையாகப் பிடுங்கி, அடியிலிருக்கும் விதையைத் தின்றுகொண்டே போகும். ஒரு காலை வேளையில் ஒரு பாத்தியே காலியாகிவிடும். மறுபடி விதைக்க விதைக் காசு, டிராக்டர் எண்ணெய்க் காசு. அதற்குள் பருவமும் தப்பிப்போகும். "நீங்கள் பறவையைப் பார்த்து மகிழ்கிறீர்கள், அதற்குச் சாப்பாடு போடுகிறவன் நான்" என்பது அங்குள்ள விவசாயியின் குறை. அது நியாயமான குறைதான்.

இதைப் பார்த்து வேட்டைக்காரர் கட்சி ஒரு யோசனை சொன்னது. மற்ற மாநிலங்களில் இந்தக் கொக்கை வேட்டையாட விடுகிறார்கள், இங்கேயும் விடுங்கள் என்றது. அது பொய்யல்ல. அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் 1961 முதல் வேட்டைப் பருவம் உண்டு. கிழக்கே கென்டக்கி மாநிலம் 2011-இலும், டென்னசி மாநிலம் 2013-இலும், அலபாமா மாநிலம் 2019-இலும் வேட்டைக்கு அனுமதி கொடுத்தன. "எண்ணிக்கை பெருகிவிட்டது, இறைச்சியும் நன்றாக இருக்கும், உரிமக் கட்டணத்தில் அரசாங்கத்துக்கும் வருமானம் வரும்" என்பது அவர்கள் வாதம். இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார்கள். சேதம் அதிகமாக இருக்கும் இடத்தில் விவசாயிக்குச் சிறப்பு அனுமதி கொடுத்துச் சில பறவைகளைச் சுட அரசாங்கமே ஏற்கெனவே விடுகிறது. அப்படிச் சுட்டதைச் சமைத்துச் சாப்பிடக் கூடாது என்பது விதி. எப்படியும் சாகிற பறவையை வீணாகப் புதைப்பானேன் என்று கேட்டார்கள்.

எதிர்க்கட்சியின் பதில் என்ன? பாவ புண்ணியத்தோடு அவர்கள் நிற்கவில்லை. காலண்டரை எடுத்து முன்னால் வைத்தார்கள். சோள முளை பறிபோவது வசந்த காலத்தில், விதைத்த சில வாரங்களுக்குள். வேட்டைப் பருவமோ அறுவடைக்குப் பின், இலையுதிர் காலத்தில். இடையில் பல மாத தூரம். இலையுதிர் காலத்தில் சுடப்படும் கொக்கு எங்கிருந்தோ பயணம் வந்து இறங்கிய கொக்காகவும் இருக்கலாம். வேட்டைக்காரன் சுட்டது வேறு பறவை, விவசாயியின் சோளத்தைத் தின்றது வேறு பறவை என்று ஆகிவிடும். மேலும், ஓர் இணையைச் சுட்டால் அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. இணை சேராத இளம் கொக்குகள் கூட்டமாக அலைந்துகொண்டிருக்கின்றன, அவற்றில் ஏதாவது ஒன்று வந்து உட்காரும். அந்த இளம் கூட்டம் வயலில் செய்கிற சேதமும் சிறியதல்ல.

அவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. கூப்பிங் கொக்கு என்று ஒரு வெண்ணிறப் பெருங்கொக்கு அதே வானத்தில் பறக்கிறது. 1941-இல் காட்டில் இரண்டு டசனுக்கும் குறைவான கூப்பிங் கொக்குகளே இருந்தன. பல்லாண்டு பாடுபட்டுச் சில நூறாக வளர்த்திருக்கிறார்கள். அதிகாலை மங்கலில் துப்பாக்கி பிடிப்பவன் கண்ணுக்குச் சாம்பல் எது, வெள்ளை எது என்று தெரியாமல் போனால் என்ன ஆவது?

விஸ்கான்சின் சட்டமன்றத்தில் வேட்டைக்கு அனுமதி கேட்கும் மசோதாக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொண்டுவரப்பட்டன. 2024-இல் இந்தக் கொக்கு விவகாரத்துக்கென்றே சட்டமன்ற ஆய்வுக்குழு ஒன்றும் அமர்ந்தது. வாதம் நீண்டுகொண்டே போனாலும் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகிவிட்டது. வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. விவசாயியின் சோளத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் இரண்டாவதும் தீர்ந்துவிடும் என்று நினைத்ததுதான் தவறு.

அப்படியானால் சோளத்தைக் காப்பாற்றுவது எப்படி? அதே மாநிலத்தில் பாராபூ என்ற ஊரில், 1973-இல் ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு, ரொனால்டு சாவி என்ற இரண்டு இளைஞர்கள் அனைத்துலகக் கொக்கு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். உலகின் 15 வகைப் பெருங்கொக்குகளையும் ஓரிடத்தில் வளர்த்து ஆராயும் நிறுவனம் அது. அவர்கள் விவசாயிகளோடு சேர்ந்து முளைக்கும் பருவத்தைக் கவனித்தார்கள். கொக்கு விரும்புவது செடியை அல்ல, முளையின் அடியில் ஒட்டியிருக்கும் விதையை. செடி வேரூன்றி அந்த விதை கரைந்துபோன பிறகு கொக்கு அந்தச் செடியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆக, ஆபத்து இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். அந்த வாரங்களைத் தாண்டிவிட்டால் பயிர் பிழைத்தது.

அதனால் விதைப்பதற்கு முன்பே விதையின் மேல் ஒரு மருந்தைப் பூசினார்கள். ஆந்த்ராகுவினோன் என்று அதற்குப் பெயர். சில செடிகளிலேயே இயற்கையாக இருக்கும் பொருள். அதைத் தின்ற பறவைக்கு வயிற்றைப் புரட்டும், ஆனால் உயிர் போகாது. இரண்டு விதை தின்றதும் 'இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று பறவை தானே கற்றுக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? கொக்கு வயலை விட்டு ஓடிவிடுவதில்லை. அதே வயலில் நின்று, சோளத்தை விட்டுவிட்டுப் பூச்சிகளையும் சிந்திய பழைய தானியத்தையும் தின்கிறது. பக்கத்து வயலுக்குத் தொல்லையைத் தள்ளிவிடாமல், இருந்த இடத்திலேயே தொல்லை அடங்கிவிடுகிறது. குறை ஒன்று உண்டு. அந்த மருந்துக்கு ஆகும் செலவை விவசாயிதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. பறவை நாட்டுக்கெல்லாம் சொந்தம், செலவு மட்டும் என் தலையிலா என்ற கேள்வி இன்னும் அங்கே ஓயவில்லை.

இஸ்ரேல் நாட்டின் வடக்கே ஹூலா பள்ளத்தாக்கில் வேறு வழியைக் கையாண்டார்கள். குளிர்காலத்தில் அங்கே பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கும் பெருங்கொக்குகள் நிலக்கடலை வயல்களைப் பாழாக்கின. ஆகவே ஒதுக்கப்பட்ட ஓரிடத்தில் டிராக்டர் மூலம் சோளத்தைக் கொட்டி, கொக்குகளை அங்கே வரவழைத்தார்கள். வயலுக்கு வந்தவற்றை ஆள் வைத்து விரட்டினார்கள். கடலை தப்பியது. பறவை பார்க்க மக்கள் வந்ததால் வருமானமும் கிடைத்தது. ஆனால் சோறு போட்டால் கூட்டம் சேருமல்லவா? பயணம் போக வேண்டிய பறவைகளும் அங்கேயே தங்கின. 2021 டிசம்பரில் பறவைக் காய்ச்சல் புகுந்தபோது, நெருங்கி நின்ற கூட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கொக்குகள் செத்து விழுந்தன. கருணையோடு செய்வதையும் கணக்குப் பார்த்தே செய்ய வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

பறவையால் செலவுதானா, வரவே இல்லையா என்று கேட்டால், நம் முன்னோர் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். செங்கல்பட்டுப் பக்கத்தில் வேடந்தாங்கல் என்ற கிராமம். அங்குள்ள ஏரியில் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்தப் பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் திரண்டுபோய் முறையிட்டதாகவும் சொல்கிறார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்திலேயே கொடுத்தார். ஊரார் ஏன் அத்தனை பிடிவாதம் பிடித்தார்கள்? பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. எச்சத்தை உரக் கணக்கில் வரவு வைத்தார்கள் அந்தக் குடியானவர்கள்.

சுட்டால் குறையுமா என்ற மூன்றாவது கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் வேண்டுமானால் காக்கையைப் பாருங்கள். இன்று பினாங்குச் சந்தைகளிலும் லயங்களிலும் கரையும் காக்கை இந்த மண்ணின் பறவை அல்ல. 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்பதற்காகத் தருவித்தார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததைப் போலவே, அதுவும் தோட்ட வேலைக்கென்று வந்த பறவை! காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. காக்கை மட்டும் பெருகியது. பல நகராட்சிகள் ஆள் வைத்துக் காக்கைகளைச் சுட்டுப் பார்த்தன. சில நாள் குறைந்தாற்போல இருக்கும், பிறகு மறுபடியும் வந்து நிறையும். மூடாத குப்பைத் தொட்டியும் சந்தைக் கழிவும் இருக்கும் வரை காக்கைக்கு விருந்து உண்டு. விருந்து இருக்கும் வரை விருந்தாளி வருவான். குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டால் காக்கை தானே குறையும்.

இனி நம் தாயாரின் மூன்று வரிசைச் சோளத்துக்கு வருவோம். விஸ்கான்சினில் கண்ட உண்மை இங்கேயும் பொருந்தும். காக்க வேண்டியது அந்த முதல் இரண்டு மூன்று வாரங்களைத்தான். சிறிய நிலம் என்பதால் நமக்கு மருந்துகூடத் தேவையில்லை. விதையை மேலாகத் தூவாமல் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றி மண்ணை அழுத்தி மூடுங்கள். வரிசையின் மேல் பழைய வலையைக் குச்சி நட்டு விரித்துக் கட்டுங்கள். வலை தொய்ந்து கிடந்தால் பறவையும் ஓணானும் சிக்கிக்கொள்ளும், ஆகவே இழுத்துக் கட்ட வேண்டும். வலை இல்லையென்றால் குடிநீர்ப் பிளாஸ்டிக் போத்தல்களின் அடியை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முளைக்கும் தொப்பி போலக் கவிழ்த்து வையுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் எடுத்துவிடலாம். அல்லது சிறு பைகளில் மண் நிரப்பி, வீட்டுத் தாழ்வாரத்திலேயே முளைக்க வைத்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வேர் கலையாமல் நடலாம்.

சோளக்கொல்லைப் பொம்மையும் பளபளக்கும் நாடாவும் வேலை செய்யும், ஆனால் ஒரே இடத்தில் வைத்தால் நான்கைந்து நாள்தான். பறவை முட்டாள் அல்ல. அசையாத பொம்மையின் தலைமேலேயே வந்து உட்காரும். இரண்டு நாளுக்கொரு முறை இடத்தை மாற்றுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விளையாட்டாகவே செய்வார்கள். அப்படியே, எந்தப் பறவை எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அது பள்ளிப் பாடத்துக்கும் உதவும், குற்றவாளியையும் காட்டிக்கொடுக்கும்.

இப்போது அந்த வீட்டில் நடந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லலாம்.

முதலில் மைத்துனர். அவர் சொன்ன வழி மூன்றிலும் மிகவும் கெட்ட வழி. பூச்சி மருந்தில் ஊறிய சோளம், குற்றம் செய்த புறாவையும் கொல்லும், குற்றமற்ற பறவையையும் கொல்லும். அடுத்த வீட்டுக் கோழியும் தின்னும். தவழும் பிள்ளை கையிலெடுத்து வாயில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவும் வாய் கூசுகிறது. விஷம் வைத்த இடத்தோடு நிற்காது என்பதற்குச் செம்பனைத் தோட்டமே சாட்சி. அங்கே பெட்டி வைத்து வளர்க்கும் ஆந்தைகள் எலிகளைப் பிடித்துத் தின்கின்றன. ஓர் ஆந்தைக் குடும்பம் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் வீரியம் மிகுந்த எலி மருந்து வைத்த தோட்டங்களில், அந்த எலியைத் தின்ற ஆந்தைகளும் குறைந்துபோயின. எலியைக் கொல்ல வைத்த மருந்து, எலிக்கு எமனாக இருந்த ஆந்தையையே கொன்றது.

அடுத்தது கணவர். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. உழைத்துப் போட்ட விதை போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் காற்றுத் துப்பாக்கி வைத்திருக்கவே நம் நாட்டில் உரிமம் வேண்டும். மேலும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளை அனுமதியின்றிச் சுடுவதையும் பிடிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பத்து வெள்ளிச் சோளத்துக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்கலாமா? தொல்லை பெரிதாக இருந்தால் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவிடம் முறையிடலாம். அதற்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள்.

பாட்டி? அவருடைய இரக்கம் பெரியது. அதை வைத்துக்கொள்வோம். ஆனால் 'அது தின்றது போக மிஞ்சுவது நமக்கு' என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லாமல் போகலாம். விவசாயியின் நஷ்டத்தைக் கண்டுகொள்ளாமல் பறவையின் பக்கம் மட்டும் பேசினால், அந்த விவசாயி ஒருநாள் துப்பாக்கிக்காரன் பக்கம் போய்விடுவான். விஸ்கான்சினில் நடந்துகொண்டிருப்பது அதுதான். பறவையைக் காக்க விரும்புகிறவர், அந்தப் பறவையால் நஷ்டப்படுகிறவனின் பயிரையும் சேர்த்தே காக்க வேண்டும்.

ஆக, அந்த வீட்டில் மிகவும் சரியாக நடந்துகொண்டது கடைசி மகள்தான். அவள் துப்பாக்கியும் எடுக்கவில்லை, விஷமும் எடுக்கவில்லை. கேள்வி கேட்டாள். அந்தத் தாயாருக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான்: அம்மா, இந்த வாரமே மறுபடி சோளம் ஊன்றுங்கள். போத்தல் தொப்பிகளைத் தயார் செய்யும் வேலை கணவருக்கும் மைத்துனருக்கும் ஆகட்டும். காலையில் திண்ணையில் உட்கார்ந்து எந்தப் பறவை வருகிறது என்று பார்க்கும் வேலை பாட்டிக்கும் பேத்திக்கும் ஆகட்டும். சோளம் முற்றியதும் நமக்கு மீண்டும் ஒரு கடிதம் போடுங்கள். குற்றவாளி யார் என்று கண்டுபிடித்தீர்களானால் அதையும் மறக்காமல் எழுதுங்கள். மற்ற நேயர்களுக்கும் அது பயன்படும்.